பூவிழியின் இடது முழங்கால்

பூவிழியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. விளையாட்டு விடுதியில் நான் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர வந்தவள், அறை வாசலில் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். பதின்மூன்று வயதில் ஐந்தடி எட்டு அங்குலம். நான் அன்றைக்கு ஐந்தடி. இத்தனை வருஷத்தில் ஓர் அங்குலம் சம்பாதித்திருக்கிறேன். பந்தை என்னைப் போலக் கையாள விடுதியில் ஆளில்லை என்று பயிற்சியாளரே சொல்வார். ஆனாலும் கூடைப்பந்தில் உயரம் வந்து நின்றால் திறமை கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

அவள் பந்தைப் பிடித்த லட்சணம் தக்காளிப் பெட்டியைத் தூக்குவது போல இருந்தது. அதில் தப்பில்லை. பாலக்கோட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கருங்கல்மேடு அவள் ஊர். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, வருஷம் முழுக்கத் தக்காளி. அப்பா முனியப்பன் தக்காளி வேன் ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் பெங்களூர் சாலையில் இருப்பார். காட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவள் அம்மா நஞ்சம்மாள். எனக்கு ஊர் கம்பைநல்லூர். ஒரே மாவட்டம் என்பதால் இந்தப் பனைமரத்தை என் தலையில் கட்டினார்கள். “மேகலை அக்கா, மேகலை அக்கா” என்று என் பின்னாலேயே சுற்றினாள். எரிச்சல் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

பூவிழி போஸ்ட் ஆட்டக்காரி. ரிங்குக்குக் கீழே நின்று, இடித்து, இடி வாங்கி, போர்டில் பட்டு வருகிற பந்தை எகிறிப் பிடிக்கிற வேலை. அவள் எகிறுவது எப்போதும் இடது காலில்தான். பத்தாம் வகுப்பில் மாவட்ட அணி, பதினொன்றில் மாநில ஜூனியர் அணி, பிறகு விளையாட்டுக் கோட்டாவில் சென்னைக் கல்லூரி, பல்கலைக்கழக அணி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏணி மாதிரித் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அந்த ஏணிக்கு மேலே ஒரே ஒரு கதவு, அதற்குப் பெயர் வேலை. நம் நாட்டில் கூடைப்பந்து ஆடிப் பிழைப்பது என்றால் ஏதாவது ஒரு துறையின் அணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்குவதுதான். காலையில் ஆபீஸ், மத்தியானத்துக்கு மேல் மைதானம். அந்தக் கதவும் இருபத்தைந்து வயதில் சாத்திக்கொள்ளும். நான் இரண்டு தடவை அந்தக் கதவைத் தட்டினேன். இரண்டு தடவையும் முதலில் உயரத்தை அளந்தார்கள். இப்போது பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. குழந்தைகளை வரிசையில் நிற்க வைக்கிற வேலை.

பூவிழிக்கு இருபத்திரண்டு வயதானபோது, பல்கலைக்கழகப் போட்டி ஒன்றில் பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியவள், இடது கால் உள்பக்கமாக மடங்கி விழுந்தாள். பெஞ்சில் இருந்தவர்களுக்கே ‘சடக்’ என்று கேட்டதாம். நஞ்சம்மாள் மகளை ஊருக்கு அழைத்துவந்து, எல்லோரும் செய்வதைச் செய்தாள். எலும்புக்குக் கட்டுப் போடுபவரிடம் கொண்டுபோனாள். முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்து எழுபது நாள் கட்டு. முறிந்தது எலும்பில்லை, முழங்காலுக்குள்ளே இருக்கிற நார் அறுந்திருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? கட்டை அவிழ்த்தபோது தொடை பாதியாக இளைத்திருந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன். “எழுபது நாளை வீணாக்கிட்டீங்களே” என்று அந்த டாக்டர் சொன்னது நஞ்சம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

ஐந்தடி உயர நஞ்சம்மாள், ஐந்தடி பதினொரு அங்குல மகளை முதுகில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கக்கூசுக்குக் கூட்டிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். மகளின் கால்விரல்கள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஆபரேஷன் அன்றைக்கு நஞ்சம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். “மாரியாத்தா, எம்பொண்ணு கால் நல்லாயிடுச்சுன்னா அவ கையாலயே உனக்குத் தீச்சட்டி எடுக்க வெக்கிறேன்.”

ஒன்றரை வருஷம் பூவிழி ஏரிக்கரையில் ஏறி இறங்கினாள். கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பந்தை எறிந்து கொடுத்தேன். நடந்தாள், ஓடினாள், ரிங்கில் போட்டாள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. இடது காலில் எகிறி இடது காலில் இறங்க மாட்டாள். வலது காலில் சின்னதாக ஒரு குதி, அவ்வளவுதான். “பயமாடி?” என்று கேட்டால் “இல்லக்கா, பழக்கம் வுட்டுப்போச்சு” என்பாள். எனக்கா தெரியாது?

மத்திய அரசுத் துறை ஒன்றின் பெண்கள் அணிக்கு ஆளெடுக்கிற அறிவிப்பு வந்தது. போஸ்ட் இடத்துக்கு ஒரே ஒருத்தி. தேர்வு சென்னையில், வியாழனும் வெள்ளியும். பூவிழிக்கு அன்றைக்கு வயது இருபத்து நாலு, பத்து மாதம். அடுத்த அறிவிப்பு வருகிறபோது அவளும் என்னைப் போலக் குழந்தைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருப்பாள். இதுதான் கடைசி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதே வாரம்தான் கருங்கல்மேட்டில் மாரியம்மன் திருவிழா. ஊரில் இரண்டு கோஷ்டிக்குள் தகராறு என்று இரண்டு வருஷமாக நின்றுபோயிருந்த விழா. செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் காப்புக் கட்டுவதாக முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டிவிட்டால் விழா முடிகிற எட்டு நாளும் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. வேண்டுதலுக்காகக் கையில் மஞ்சள் கிழங்கு கோர்த்த கயிற்றைக் கட்டிக்கொண்டவர்களோ ஊர் எல்லையையே தாண்டக் கூடாது. ஆனால் காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊரில் இல்லாதவர்களை இது கட்டுப்படுத்தாது. அதனால் திட்டம் சுலபம். செவ்வாய் மத்தியானமே பூவிழி கிளம்பி என் அறைக்கு வந்துவிட வேண்டும், புதன்கிழமை சென்னை பஸ்.

“தீச்சட்டிய வேல கெடச்சதும் அடுத்த வருசம் எடுக்கறம்மா” என்று பூவிழி சொன்னபோது நஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அழைத்துவரப் போனேன். வீடு ரணகளமாகக் கிடந்தது. பூவிழியின் சான்றிதழ் ஃபைலைக் காணோம். பிறப்புச் சான்றிதழ், மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள், டாக்டர் கொடுத்த உடல்தகுதிச் சான்று, எல்லாம் அசல், எல்லாம் அந்த ஒரே நீல ஃபைலில். அசல் இல்லாவிட்டால் மைதானத்துக்குள்ளேயே விட மாட்டார்கள்.

“பீரோவுலதாங்க்கா வெச்சேன். நேத்துகூடப் பாத்தேன்.”

பீரோவைக் கொட்டினோம். அரிசி டிரம்முக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, பரணில் என்று எல்லா இடமும் பார்த்தோம். முனியப்பனுக்குப் போன் போட்டோம். அவர் பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு ஓசூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், வேனில் இல்லை என்றார். நஞ்சம்மாளும் எங்களோடு தேடினாள். மூன்று மணி, நாலு மணி, நாலரை. ஐந்து மணிக்குக் கடைசி டவுன் பஸ். அதற்கு மேல் இருந்தால் நானும் மாட்டிக்கொள்வேன், மறுநாள் காலை எனக்குப் பள்ளிக்கூடம்.

“நீ போயிடுக்கா. கெடச்சா எப்படியாச்சும் வந்துடறேன்” என்றாள் பூவிழி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பஸ் ஏறினேன். எல்லைக்கல்லைத் தாண்டும்போது பின்னால் காப்புக் கட்டுகிற பம்பை மேளச் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததை அவளே பிறகு சொன்னாள். இருட்டுகிற நேரத்தில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, “சாமி கேக்குது பாப்பா. சொன்ன வாக்கச் செய்யாம போறயேன்னு கேக்குது. அதான் அது காணாமப் போச்சு. கையக் குடு” என்றாளாம். பூவிழி வலது கையை நீட்டினாள். கோயிலில் வைத்துப் பூசாரி மந்திரித்துக் கொடுத்த கயிற்றை அம்மா கட்டினாள்.

புதன்கிழமை காலையில் மனசு கேட்காமல் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரும்பக் கருங்கல்மேட்டுக்கே போனேன். வீட்டில் பூவிழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நஞ்சம்மாள் காட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். என்னைக் கண்டதும் மோட்டார் ரூமிலிருந்து அவள் வெளியே வந்த வேகம் சரியில்லை. “வாம்மா, வூட்டுக்குப் போலாம், காப்பி வெக்கறேன்” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நான் உள்ளே போனேன்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே உரச்சாக்கு. அதற்குள் ஒரு பழைய சேலை, சேலைக்குள் பாலித்தீன் கவர், கவருக்குள் நீல ஃபைல். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், ஒரு காகிதம் மடங்காமல், குழந்தையைச் சுற்றி வைப்பது போலச் சுற்றி வைத்திருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். இதைப் பார்க்காத மாதிரி வைத்துவிட்டு வெளியே போனால் என்ன என்று தோன்றியது. எனக்குக் கிடைக்காதது இவளுக்கும் கிடைக்க வேண்டாமே என்று ஒரு நினைப்பு. ஒரே ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

“என்ன பெரிம்மா இது?” என்றேன் வெளியே வந்து.

நஞ்சம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். “மேகல, அவகிட்டச் சொல்லாத கண்ணு.”

“சொல்லத்தான் போறேன்.”

வீட்டில் பூவிழி ஃபைலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏம்மா?”

“அந்தக் கால் மறுக்காப் போச்சுன்னா யாருடி உன்னத் தூக்கறது? எனக்கு இடுப்புல தெம்பிருக்குதா? நீ பல்லக் கடிச்சிக்கிட்டு அழுததக் கேட்டவ நானு. கட்டுப் போட்டு எழுவது நாள வீணாக்குனவளும் நானு. வேல வேண்டாம். தக்காளி பறிச்சுத் தின்னாலும் ரெண்டு காலோட இரு.”

“இந்தக் காலுக்காகத்தாம்மா ஒன்ற வருசமாச் செத்தேன்.”

“காப்புக் கட்டியாச்சு. இதோட எல்லையத் தாண்டுனா ஆத்தா சும்மா வுட மாட்டா. அதே காலப் புடிப்பா.”

“புடிக்கட்டும்” என்று பையை எடுத்தாள் பூவிழி.

ஊர் நடுவே நடந்துபோனோம். வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “கையில காப்போட எங்கம்மா போற?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், “பெரிய படிப்புப் படிச்சவங்க, அவங்களுக்குச் சாமியாவது பூதமாவது” என்றார். பூவிழி யாரையும் பார்க்கவில்லை. எல்லைக்கல்லுக்கு முன்னால் மட்டும் அவள் நடை ஓர் அடி தடுமாறியது. நான் பார்த்தேன். வாயில் பேசுகிற தைரியம் அவள் காலுக்கு வந்திருக்கவில்லை.

தர்மபுரியில் சென்னை பஸ் கிளம்பப் போகிற நேரம். ஊர்க்காரப் பையன் ஒருவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நஞ்சம்மாள் வந்து இறங்கினாள். காட்டில் கட்டியிருந்த அதே சேலை, காலில் செருப்பில்லை, கையில் ஒரு துணிப்பை. பஸ்ஸில் ஏறி எங்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவளும் அந்த ஊர்க்காரி, ராத் தங்கக் கூடாதவள். “நீ எதுக்கு வர?” என்று பூவிழி திரும்பாமலே கேட்டாள். நஞ்சம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கிருஷ்ணகிரி போயிற்று, ஆம்பூர் போயிற்று, வேலூர் போயிற்று. ஆறு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னும் பின்னும் திரும்பி இரண்டு பேரிடமும் முறுக்குப் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு வந்தவள் நான்.

வியாழக்கிழமை திறன் சோதனை. பதினாலு பேர் வந்திருந்தார்கள். போஸ்ட் இடத்துக்குப் போட்டி என்று சொன்னால் இரண்டே பேர்தான். ஒருத்தி பூவிழி, இன்னொருத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆறடிப் பெண், பத்தொன்பது வயது, காலில் ஸ்பிரிங் வைத்தது போல எகிறினாள். காப்புக் கயிற்றின் மேல் பூவிழி வெள்ளை டேப்பைச் சுற்றியிருந்தாள். ஓட்டம், பாஸ், ஷாட் எல்லாவற்றிலும் நன்றாகச் செய்தாள். எகிறுகிற சோதனையில் வலது காலில் குதித்தாள். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இடது காலில் ஏதாவது பிரச்சனையா?”

“இல்லைங்க மேடம்.”

“நாளைக்கு மேட்ச்ல பாக்கலாம்” என்று எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது படிக்காமலே எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேட்ச். வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, பத்து நிமிஷம் வீதம் இரண்டு பாதி. கோயம்புத்தூர்ப் பெண் அந்த அணி, பூவிழி இந்த அணி. தொடங்குவதற்கு முன் நடுவர் ஒவ்வொருத்தியின் கையையும் பார்த்துக்கொண்டு வந்தார். நகம், வளையல், தோடு. பூவிழியின் மணிக்கட்டில் டேப்பை அழுத்திப் பார்த்தார்.

“உள்ள என்ன கட்டியா இருக்கு?”

“காப்புங்க சார். மஞ்சக் கிழங்கு.”

“கல்லு மாதிரி இருக்கு. அடுத்த பொண்ணு கண்ணுல பட்டா யார் பதில் சொல்றது? கழட்டிட்டு வா. ரெண்டு நிமிஷம் தரேன். இல்லன்னா ஆடாத.”

முதலுதவிப் பெட்டியிலிருந்து யாரோ கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். பூவிழி டேப்பைப் பிரித்தாள். கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். புடிக்கட்டும் என்று வீட்டில் சொன்னவள், எல்லைக்கல்லைத் தாண்டி வந்தவள், அந்த மஞ்சள் கயிற்றைத் தொட முடியாமல் நின்றாள்.

“அக்கா, நீ அறு.”

எனக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கையில்லை என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். கத்தரிக்கோலை வாங்கினேன். அறுக்கவில்லை. நாளைக்கு அந்தக் கால் மடங்கினால், அறுத்தவள் நீ என்று யாரும் சொல்ல வேண்டாம், நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரி எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

கேலரியிலிருந்து நஞ்சம்மாள் இறங்கி வந்தாள். வெறுங்காலோடு கோர்ட்டுக்குள்ளே. “யாரும்மா நீங்க, உள்ள வரக்கூடாது” என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் அது விழவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பூவிழி குனிந்தாள். நஞ்சம்மாள் கயிற்றில் வாயை வைத்துப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“கட்டுனவ நானு, அறுத்தவளும் நானு” என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல். “எம்பொண்ணு எதும் பண்ணல. கேக்கறதா இருந்தா என்னக் கேளு.” அறுந்த கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றி என் முன்னால் நீட்டினாள். “முடிச்சுப் போடு மேகல.”

போட்டேன். இரண்டு முடிச்சாக.

ஆட்டம் தொடங்கியது. இது நடந்ததும் பூவிழி பறந்து பறந்து ஆடினாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதல் பாதி முழுக்க அவள் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. கோயம்புத்தூர்ப் பெண் போர்டில் பட்ட பந்தையெல்லாம் அவள் தலைக்கு மேலே அள்ளிக்கொண்டு போனாள். நான் எண்ணினேன்: அந்தப் பெண் ஆறு ரீபவுண்ட், இவள் ஒன்று. இடைவேளையில் தேர்வுக் குழு மேடம் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையை அசைத்தார். பூவிழி தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். பத்து நிமிஷம் மிச்சமிருந்தது. பன்னிரண்டு வருஷம் அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்தது.

இரண்டாவது பாதியில் நாலாவது நிமிஷம். யாரோ போட்ட பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு உயரமாக எழும்பியது. பூவிழி இடப்பக்கம் நின்றிருந்தாள். வலது காலுக்கு மாற்ற நேரமில்லை. எகிறினால் இடது காலில் எகிற வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

எகிறினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பூவிழி, கை முழுக்க நீட்டி, ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் பறித்தாள். கோயம்புத்தூர்ப் பெண்ணும் எகிறியிருந்தாள். இரண்டு பேரும் மோதிக்கொண்டு இறங்கினார்கள். இடது கால் முதலில் தரையில் பட்டது, அதன்மேல் அந்தப் பெண்ணின் எடை முழுக்க விழுந்தது. இரண்டு பேரும் கீழே. அந்தப் பெண் எழுந்துவிட்டாள். பூவிழி எழவில்லை. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தாள்.

நான் நஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் கேலரிப் படியில் உட்கார்ந்து தன் இடது முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். “எனக்கு, எனக்கு, எனக்குத் தாயி” என்று வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பூவிழி முழங்காலை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். எழுந்து நின்றாள். ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். பிறகு நடுவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, “ஃபவுல் அவமேலதானுங்க சார்?” என்று கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மிச்சமிருந்த ஆறு நிமிஷத்தில் அவள் ஏழு ரீபவுண்ட் எடுத்தாள். ஏழும் இடது காலில். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, அவளுக்காக நான் வருத்தப்படவில்லை. நாற்பது நாள் கழித்து வந்த பட்டியலில் போஸ்ட் இடத்துக்கு நேராகப் பூவிழியின் பெயர் இருந்தது.

அதற்கு முன்னால் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை நஞ்சம்மாள் கையில் கயிற்றோடு கோயிலுக்குப் போனாள், தீச்சட்டி எடுக்க. எல்லை தாண்டிய காப்புக்குச் சட்டி கிடையாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. தன் வீட்டு வாசலிலேயே அடுப்புத் தணலை மண்சட்டியில் அள்ளி, கையில் ஏந்தி, வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். அடுத்த புதன்கிழமை சாமி ஊர்வலம் எல்லா வாசலிலும் நின்றது, அந்த வாசலில் நிற்கவில்லை. தேங்காய் பழத் தட்டோடு நின்றிருந்தவள், தேர் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பூவிழி இப்போது சென்னையில். காலையில் ஆபீஸில் தபால்களைப் பதிகிறாள், மத்தியானத்துக்கு மேல் அணியோடு பயிற்சி. இந்தியா முழுக்கப் போய் ஆடுகிறாள். அந்த இடது முழங்காலுக்கு இதுவரை ஒரு குறையும் வரவில்லை.

நஞ்சம்மாளுக்குத்தான் போன மழைக்காலத்திலிருந்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. தக்காளிச் செடிக்கு நடுவே குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பூவிழி போனில் நச்சரித்து, நான்தான் தர்மபுரிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தேய்மானம், முப்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தது, வேறொன்றுமில்லை என்று டாக்டர் மாத்திரையும் முழங்கால் பட்டையும் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், மாத்திரை அட்டை பிரிக்காமல் இருக்கிறது. பட்டை சுவரில் ஆணியில் தொங்குகிறது. கிழவி மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “ஏன் பெரிம்மா, மாத்திர முழுங்கறதுல என்னா கஷ்டம்?”

“சத்தம் போடாத. இது எனக்கு வந்ததுடி. நான் கேட்டு வாங்குனது. தின்னு சரியாப்போச்சுன்னா, இங்கருந்து எங்க போவும்னு நெனைக்கற?”

தேய்மானம் என்றால் என்ன என்று எலும்புப் படம் போட்டு விளக்கலாம். ஆபரேஷன் பற்றிச் சொல்லலாம். உடற்கல்வி ஆசிரியை, முழங்காலைப் பற்றிப் பாடமே நடத்துகிறவள் நான். அன்றைக்குக் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கை ஞாபகம் வந்தது. மாத்திரை அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. லூதியானாவிலிருந்து பூவிழி. நஞ்சம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாத்திர போட்டியாம்மா?”

“போட்டன் கண்ணு.”

“வலி?”

“இப்பப் பரவால்ல. உனக்குக் கால் எப்படிருக்குது?”

“எனக்கு என்னம்மா, ஜம்முனு இருக்குது. நேத்துப் பதினாலு ரீபவுண்ட்.”

நஞ்சம்மாள் வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். விடுதியிலும் மைதானத்திலுமாக எத்தனையோ பேர் மெடல் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“மேகலை அக்கா அங்கதான இருக்குது? அக்கா, அம்மா நெசமாவே மாத்திர போடுதா?”

மறுநாள் அவளுக்கு அரையிறுதி. நஞ்சம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“போடுதுடி” என்றேன்.